பதினொரு ஃபிரேம்கள்

விற்கும்போதே சொன்னேன் அர்ப்பெனிக்கிடம்,
எதையும் ஒளிக்கவில்லை.
உள்ளே இருப்பது இரண்டே கோர்.
ஆளுக்கு இரண்டு தொப்பி மாட்டிக்கொண்டு
நாலு பேர் போல நடமாடும்.
கூட்டம் சேர்ந்தால் குட்டு வெளிப்படும்.

வேகத்தைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள்.
சாவி என்னிடம் இல்லை, இந்த ஊரில் யாரிடமும் இல்லை.
கிராபிக்ஸுக்குத் தனி வீடு கிடையாது,
ஒண்டிக்குடித்தனம்.
மெமரியில் கொஞ்சத்தைத் தன் பாயாக விரித்துக்கொள்ளும்.

நல்லதும் சொன்னேன்.
பழைய குண்டு பல்பு ஒன்றின் பசிதான் அதற்கு.
விசிறி இரைவதே கேட்காது.
ஒரு நேரம் ஒரு வேலை கொடு,
வஞ்சனையில்லாமல் செய்யும்:
கணக்கு, கடிதம், பாட்டு,
ரஷ்யாவில் இருக்கும் தம்பியோடு வீடியோவில் சண்டை.
விலையோ பெரிய சிப்பில் நாலில் ஒரு பங்கு.

"போதும்" என்றாள்.
திராம் நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் திரும்ப வந்தாள்.
கியும்ரியின் கறுப்புக்கல் சுவர்களுக்குப் பனி
வெள்ளைக் கரை போட்டிருந்தது.
பெட்டியைப் போர்வையில் சுற்றி
பிள்ளைகள் சறுக்கும் வண்டியில் வைத்து
இழுத்து வந்திருந்தாள்.
"ஏமாற்றிவிட்டாய், ஹ்ராச்சிக்."

கல்யாண வீடியோ எடிட் செய்கிறாளாம்.
மணமகன் வீட்டு வாசலில் தட்டு உடைக்கிறார்கள், ஓடுகிறது.
தோளில் லவாஷ் ரொட்டியைப் போர்த்துகிறார்கள், ஓடுகிறது.
தேன் ஊட்டுகிறார்கள், அதுவும்.
மாமனார் கோப்பையைத் தூக்கிப் பதினேழு நிமிடம் வாழ்த்துகிறார்;
மீசையைத் தவிர எதுவும் அசையாததால்
சிப்புக்கு அது ஓய்வு நேரம்.

பிறகு நடனம்.
கூரையிலிருந்து வெள்ளிக் காகிதத் துணுக்குகள்.
ஆயிரம் துணுக்கு, ஆயிரம் திசை.
அங்கே படுத்துவிடுகிறது,
அறுபத்திரண்டு சதவீதத்தில்,
விடிய விடிய.
"நூறு சதம் உழைக்கிறதாம்.
அந்தச் சூட்டில் என் பூனைகூடக் குளிர்காயவில்லை."

கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்தோம்.
படம் நொண்டியது.
ஒரு ஃபிரேம். நிற்கும். அடுத்தது.
துணுக்குகள் காற்றில் தொங்கின,
விழுவதா வேண்டாமா என்பதுபோல.

"இதோ" என்று திரையில் விரல் வைத்தாள்.

மணமகள்.
சுழற்சியின் நடுவே அரை நொடிகூட இல்லை,
முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது.
கதவில் யாரும் இல்லை.
கதவை மட்டும் பார்க்கிறாள்,
கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்ப்பவர்கள் போல.
அடுத்த ஃபிரேமில் பாதிச் சிரிப்பு.
அதற்கடுத்ததில் முழுச் சிரிப்பு.

"பெரிய சிப் என்றால்
வழுக்கிக்கொண்டு போயிருக்கும்" என்றாள்.
புகாரா பாராட்டா, தெரியவில்லை.
நான் வியாபாரி. பில்லைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

என் மேசையிலேயே வெட்டினாள்,
பதினொரு ஃபிரேம்.
தாளம் தப்பவில்லை.
காசு கொடுத்தவர்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை.
வெட்டியதை அழிக்காமல்
தேதியை மட்டும் பெயராக வைத்துச் சேமித்தாள்.
இந்த முறையும் எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆறு கோர் உள்ளதன் விலையைச் சொன்னேன்.
மதர்போர்டும் மாற வேண்டும் என்றதும்
கையுறையை மாட்ட ஆரம்பித்தாள்.
சனிக்கிழமை இன்னொரு கல்யாணம்,
காகிதத் துணுக்கு வேண்டாமென்று சொல்லிப் பார்க்கிறாளாம்.
கேட்கமாட்டார்கள், எனக்குத் தெரியும்,
என் கல்யாணத்தில் நானே கேட்கவில்லை.

ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட் மட்டும் வாங்கினாள்.
மீதிச் சில்லறையைச் சரிபார்த்தாள்.
சரிவில் வண்டி அவளை முந்திக்கொண்டு போனது;
ஓடிப்போய்ப் போர்வையின் முனையைப்
பிடித்துவிட்டாள்.